காலிப் பெட்டிக்கு வீட்டில் இடம் உண்டா?

பழைய பொருள் சேகரிக்கும் பழக்கமுள்ள நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். பொருள் இருக்கிறது, சரி. அது வந்த பெட்டி? மேலுறை? கூடவே வந்த ரசீது, உத்தரவாதச் சீட்டு? இவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டுமா, தூக்கிப் போட்டுவிடலாமா? வேலையில் இருந்த காலத்தில் இது பொழுதுபோகப் பேசும் பேச்சு. ஓய்வு பெற்று, தனி வீட்டை விட்டு இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்துக்குக் குடிவந்த பிறகு இது வீட்டுக்குள் அடிக்கடி நடக்கும் பஞ்சாயத்து. பழைய வீட்டில் பரண் இருந்தது, மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது, கொல்லைப்புறத் தாழ்வாரம் இருந்தது. இங்கே இருப்பது லாஃப்ட் என்ற பெயரில் கூரையை ஒட்டி இரண்டடி உயரச் சந்து. அதிலும் பாதி கொலு பொம்மைக்கு, கால்வாசி பித்தளைப் பாத்திரத்துக்கு. மீதிதான் நமக்கு.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. "எதையும் எறியாதே" என்பது முதல் கட்சி. இவர்கள் காட்டுவது சந்தையை. வெளிநாட்டு ஏலங்களில் பெட்டியோடு வரும் பழைய பொம்மைக் கார், பெட்டியில்லாத அதே காரைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. உண்மைதான். அதனாலேயே அந்தக் காலப் பெட்டியைப் போலவே புதிதாக அச்சடித்து விற்கும் தொழிலும் நடக்கிறது. "பொருள்தான் முக்கியம், அட்டைக்கு என்ன மதிப்பு" என்பது இரண்டாவது கட்சி. இசைத்தட்டைக் கேட்கலாம், அதன் உறையைக் கேட்க முடியுமா என்று அவர்கள் மடக்குவார்கள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

என் கட்சி மூன்றாவது. பெட்டி என்றால் எல்லாம் ஒரே பெட்டி இல்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இந்தப் பொருள் தானாகச் சொல்லாத எதையாவது இந்தப் பெட்டி சொல்கிறதா? சொல்கிறது என்றால் அது சேகரிப்பின் ஒரு பகுதி. சொல்லவில்லை என்றால் அது அட்டை, அவ்வளவுதான்.

தபால்தலையை எடுத்துக்கொள்வோம். நம் தலைமுறையில் ஸ்டாம்ப் ஆல்பம் வைத்திராத பள்ளிப் பிள்ளைகள் குறைவு. உறையிலிருந்து தலையைக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை நெகிழ்ந்ததும் உரித்து, செய்தித்தாள் மேல் காயவைத்து ஆல்பத்தில் ஒட்டுவார்கள். உறை குப்பைக்குப் போகும். இதில் போவது என்ன என்பதற்கு உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கே நல்ல உதாரணம். இங்கிலாந்தில் 1840 மே 6 முதல் செல்லுபடியாகும் என்று அறிவித்து வெளியிட்டார்கள். ஆறரைக் கோடிக்கும் மேல் அச்சடித்ததால் அது அப்படியொன்றும் கிடைக்காத சரக்கு இல்லை. ஆனால் சில தபால் நிலையங்களில் அறிவித்த நாளுக்கு முன்பே அதைப் பயன்படுத்திவிட்டார்கள். மே 2 தேதியிட்ட கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. அவற்றின் மதிப்பே வேறு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தபால்தலை மேல் குத்தியது மால்டீஸ் கிராஸ் எனப்படும் சிலுவை வடிவ முத்திரை. அதில் தேதி கிடையாது. தேதி முத்திரையைக் கடிதத்தின் வேறோர் இடத்தில், பெரும்பாலும் பின்பக்கத்தில் குத்தினார்கள். ஆகவே தலையைத் தனியே உரித்து எடுத்தவர் கையில் மிஞ்சுவது ஆறரைக் கோடியில் ஒன்று. அது மே 2-ஆம் தேதி ஒட்டியதா, மே 20-ஆம் தேதி ஒட்டியதா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. சாட்சி உறையில் இருந்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஒரு கண்காட்சியை ஒட்டி, ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களோடு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். தூரம் சில மைல்தான். உலகத்திலேயே அரசுத் தபால் துறை ஏற்பாட்டில் விமானத்தில் போன முதல் தபால் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கடிதங்களில் ஒட்டியிருந்தவை அன்றாடம் புழங்கிய தபால்தலைகள். விமானப் படம் போட்ட தனி முத்திரைதான் விசேஷம். உறையை எறிந்தால் விமானமே போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னும் பக்கத்தில் வருவோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்கு முன் அது ரயில் நிலையமும் தபால் நிலையமும் இலங்கைக்குப் போகும் கப்பல் துறையுமாக இருந்த ஊர். அந்த ஊர் முத்திரை குத்திய ஒரு பழைய கார்டோ கவரோ யார் வீட்டிலாவது இருக்கக்கூடும். அதில் ஒட்டியிருக்கும் தபால்தலையைக் காசு கொடுத்து எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம். தனுஷ்கோடி என்ற எழுத்துகளோடு அந்த வட்ட முத்திரையை இனி எந்தத் தபால் நிலையமும் பழைய தேதி போட்டுக் குத்தித் தராது. இப்படிப்பட்ட உறையை இடம் போதவில்லை என்று எறிகிறவரை எந்தக் கணக்கிலும் சேகரிப்பாளர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அது பிடிக்கும் இடமும் ஒரு தாளின் கனம்தான்.

பொம்மைக் கார்களிலும் பேசுகிற பெட்டி, பேசாத பெட்டி உண்டு. மேட்ச்பாக்ஸ் கார் நமக்குத் தெரியும். வெளிநாட்டு மாமா கொண்டுவந்து தந்த ஒன்றிரண்டு பல வீடுகளில் இருந்தன. லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனி 1953-இல் தொடங்கிய வரிசை அது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் எடுத்துவரலாம். அதற்காக அவர் செய்து கொடுத்த சின்ன வண்டிதான் தொடக்கம். பெயரும் அதிலிருந்து வந்தது. அந்தக் கார்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விசித்திரமாகத் தெரியும். பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும். காரணம், எல்லா வண்டியையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்கும்படி செய்தார்கள். பெட்டிக்காகப் பொம்மையே தவிர, பொம்மைக்காகப் பெட்டி இல்லை. அந்தப் பெட்டி இல்லாமல் அந்தப் பொம்மையின் உருவத்துக்கு விளக்கமே கிடையாது. இதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டிங்கி கார்களின் கதை வேறு. 1950-களின் தொடக்கம் வரை அவற்றில் பல ஆறாறாக ஒரே அட்டைப் பெட்டியில் கடைக்கு வந்தன. கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார், பெட்டி கடையிலேயே இருக்கும். ஆகவே அந்தக் காலக் கார் வைத்திருப்பவர் "ஐயோ, பெட்டி இல்லையே" என்று ஏங்கவேண்டியதில்லை. வாங்கிய குழந்தைக்கும் பெட்டி கிடைத்திருக்காது. டிங்கியின் பழைய அச்சுகள் 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் விற்பனைக்கு வந்தன. அந்த நிக்கி பெயர் போட்ட அட்டைப் பெட்டி கையில் இருந்தால் விடாதீர்கள். இங்கிலாந்துப் பொம்மை இந்தியப் பொம்மையாக மாறிய கதையைக் காரோடு சேர்ந்து சொல்வது அந்தப் பெட்டி.

இசைத்தட்டுக்கு வருகிறேன். இதில்தான் நம் வயதுக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். 78 சுழற்சித் தட்டுகள் நடுவில் ஓட்டை போட்ட காகித உறையில் வந்தவை. ஓட்டை வழியாக லேபிள் தெரியும். எந்தத் தட்டும் எந்த உறைக்குள்ளும் போகும். ஐம்பது அறுபது வருஷத்தில் உறைகள் மாறி மாறிப் போயிருக்கும். ஒரு உறையில் இருக்கும் கம்பெனியும் உள்ளே இருக்கும் தட்டின் கம்பெனியும் ஒன்றாக இருந்தாலே அதிசயம். எனவே கிழிந்துபோன சாதாரண உறைக்காக அழவேண்டாம். அமிலமில்லாத புதுக் காகித உறை போட்டால் தட்டுக்கு நல்லது. உள்ளூர் இசைத்தட்டுக் கடையின் பெயரும் தெருவும் அச்சிட்ட உறை இருந்தால் மட்டும் ஒன்றிரண்டு மாதிரி எடுத்து வைக்கலாம். அந்தக் கடை இன்று இருக்காது.

எல்பி அப்படி இல்லை. 1940 வாக்கில் கொலம்பியா கம்பெனியின் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் இசைத்தட்டுத் தொகுப்பின் மேல் படம் வரையத் தொடங்கினார். 1948-இல் எல்பி வந்தபோது பன்னிரண்டு அங்குல அட்டை முழுவதும் படத்துக்கும் எழுத்துக்கும் இடமானது. ஒரு கர்நாடக இசை எல்பியின் பின்னட்டையைப் படித்துப் பாருங்கள். வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார், எந்த ராகம், எந்தத் தாளம், கிருதியைப் பற்றி நாலு வரி. தட்டின் நடுவில் ஒட்டிய வட்ட லேபிளில் இத்தனைக்கும் இடமில்லை. பல தட்டுகளில் பக்கவாத்தியக்காரரின் பெயர் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அட்டையை எறிந்தால் அந்த மிருதங்கக்காரரையும் எறிகிறோம். வாசித்தவரின் பெயரை அழிக்க நமக்கு உரிமை கிடையாது.

பத்திரிகைத் தொடர்களையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யாத வாசகர் வீடு அரிது. மணியத்தின் ஓவியங்களோடு அந்தத் தடித்த வால்யூம்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பைண்டுக்குள் போகாமல் கழிந்தவை மேலட்டை, விளம்பரம், தலையங்கம், துணுக்கு. இன்று கதை எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. அந்த வாரத்துச் சோப்பு விளம்பரமும் டானிக் விளம்பரமும் சினிமா விளம்பரமும்தான் கிடைப்பதில்லை. இதற்காக நாலு வருஷ வாரப் பத்திரிகைகளையும் முழுசாக வைத்திருக்க யாருக்கு இடம் இருக்கிறது? இங்கே நான் சொல்வது மாதிரி முறை. பைண்டு வால்யூமோடு, கிழிக்காத முழு இதழ் ஒன்றோ இரண்டோ போதும். பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானார். 1994-இல் அவருடைய சேகரிப்பைக் கொண்டு சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. எறிகிற காகிதத்தில் சரித்திரம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் செட்டிநாட்டு வீட்டின் விஸ்தாரம் நமக்கு வாய்க்கவில்லை. நாம் பொறுக்கித்தான் வைக்க வேண்டும்.

பேசாத பெட்டிகள் எவை என்று பார்ப்போம். வால்வு ரேடியோ வந்த பெரிய அட்டைப்பெட்டி, டேப் ரிக்கார்டரைச் சுற்றியிருந்த தெர்மோகோல், மிக்சி வந்த பெட்டி, இவற்றில் கம்பெனிப் பெயரும் "இந்தப் பக்கம் மேல்" என்ற அம்புக்குறியும் தவிர வேறொன்றும் இல்லை. வீடு மாறும்போது உதவும் என்று வைத்தோம். வீடு மாறியாகிவிட்டது. இனி அனுப்பிவிடலாம். ரேடியோவுக்கு வைக்கவேண்டியது வேறொன்று. 1980-களில் ரத்தாகும் வரை ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் நிலையத்தில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்தார்கள். அந்தச் சின்னப் புத்தகத்தில் வீட்டுக்காரர் பெயர், விலாசம், வருஷம், முத்திரை எல்லாம் இருக்கும். சட்டைப் பையில் அடங்கும் அந்தப் புத்தகம் ரேடியோ பெட்டியைவிட ஆயிரம் மடங்கு பேசும். ரசீதும் அப்படித்தான். பெட்டி போகட்டும், காகிதம் இருக்கட்டும் என்பது நல்ல பொது விதி.

சில உறைகள் பொருளுக்கே எமன். இதைப் பெட்டிக் கட்சிக்காரர்கள் சொல்வதில்லை. கேமராவுக்கு வந்த தோல் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 நம்மில் பலர் வைத்திருந்த கேமரா. 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம். அதன் தோல் உறை அழகுதான். ஆனால் கடற்கரை ஊர்க் காற்றில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடிக்கும். அது லென்சுக்கும் பரவி, நாள்பட விட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரிக்கும். ஆகவே உறையை வைத்துக்கொள்வதானாலும் கேமராவை அதற்குள் வைக்காதீர்கள். கேமரா காற்றோட்டமான அலமாரியில் இருக்கட்டும், உறை வேறோர் இடத்தில் இருக்கட்டும். பழைய நாணயம் போட்டு வைக்கும் மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் பைகளும் இதே ரகம். சில வருஷத்தில் அந்த பிளாஸ்டிக்கிலிருந்து கசிவது செம்பு கலந்த நாணயத்தின் மேல் பச்சைப் பசையாகப் படியும். பெட்டிக்குள் வரும் ஸ்பாஞ்சு நாளாவட்டத்தில் பொடிந்து ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்டு உருகித் தாளோடு தாளாகும். பூச்சிக்குப் பயந்து போடும் நாப்தலீன் உருண்டை சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அட்டைப்பெட்டிதான் பிடித்தமான குடியிருப்பு. தொழிற்சாலையிலிருந்து வந்த உறை என்பதால் அது பொருளுக்கு நல்லது என்று ஆகிவிடாது. அது கடை வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேரச் செய்தது, ஐம்பது வருஷம் காக்கச் செய்ததல்ல.

கொலு பொம்மைக்கு இதில் விலக்கு. அது பத்து நாள் படியில், மீதி நாளெல்லாம் பெட்டியில். அங்கே பெட்டி பாதுகாப்புக்கு. பாதுகாப்புக்கு எந்தப் பெட்டியானாலும் சரி, கனமாக, பூச்சி அரிக்காததாக இருந்தால் போதும். கல்யாண செட்டும் கிரிக்கெட் செட்டும் எந்தக் கடைப் பெட்டியில் வந்தன என்பது யாருக்கும் வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கும் அம்மா காலத்து முறைக்கு மிஞ்சியது இன்னும் வரவில்லை.

இனி இடத்தின் விலை. இரண்டடிக்கு ஒன்றரை அடி அட்டைப்பெட்டி மூன்று சதுர அடியை அடைக்கும். சதுர அடி எட்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இருபத்து நாலாயிரம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெட்டி அடுக்கினாலும் தலைக்கு எட்டாயிரம். உள்ளே இருக்கும் பொருளுக்கு அந்த விலை பெறுமா என்று பார்த்தால் பல பெட்டிகள் தேறாது. "ஏங்க, இந்தக் காலிப் பெட்டிக்கும் சேர்த்துதான் மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டறோமா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் வசூலிக்கிறார்கள் என்பதால் அவள் கணக்கில் ஒரு பைசா தப்பில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் முதுகும் இடுப்பும். லாஃப்டில் ஏற்றி வைத்ததை இறக்க ஸ்டூல் மேல் ஏறவேண்டும். அறுபதைத் தாண்டியவர் ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் என்ன ஆகும் என்பது ஆளுக்கு ஒரு வீட்டிலாவது பார்த்திருப்போம். கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் சேகரிப்பு நம்முடையதே அல்ல என்பேன். பார்க்க முடியாது, எடுக்க முடியாது, வெயிலில் கூரை சுட்டால் எல்பி வளைவதும் தெரியாது. மனிதர்கள் புழங்கும் இடத்தைப் பெட்டிகள் பிடிக்கக் கூடாது என்பதும் என் உறுதியான எண்ணம். பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்க வைத்த அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால், அந்தச் சேகரிப்பின் மேல் வீட்டாருக்கு வெறுப்புதான் வளரும். நமக்குப் பிறகு அது எங்கே போகும் என்பதை அந்த வெறுப்புதான் தீர்மானிக்கும்.

பேசாததை எறிந்தாயிற்று, கெடுப்பதைப் பிரித்தாயிற்று. அப்படியும் இடம் போதவில்லை. முந்நூறு எல்பி இருக்கிறது, நூற்றைம்பதுக்குத்தான் இடம். இப்போது என்ன செய்வது? பலர் செய்வது, அட்டைகளைக் கழித்துவிட்டுத் தட்டுகளை மட்டும் ஒரு பெட்டியில் அடுக்குவது. எண்ணிக்கை குறையவில்லை என்ற திருப்தி. நான் இதற்கு எதிர்க்கட்சி. நூற்றைம்பது எல்பியை அட்டையோடு வைத்துக்கொண்டு மற்ற நூற்றைம்பதை அட்டையோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன்.

காரணங்கள் உண்டு. உறையில்லாத தட்டு உரசி உரசிக் கீறல் விழும். இரண்டாவது, பிரபலமான பாட்டெல்லாம் இன்று கைபேசியில் கேட்கக் கிடைக்கிறது. நம்மிடம் இருந்து வேறெங்கும் இல்லாதது அந்த முழுப் பொருள்தான். அதைப் பாதியாக்கினால் நம்மிடமும் இல்லை, வேறெவரிடமும் இல்லை என்றாகும். மூன்றாவது, எந்த நூற்றைம்பது என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் நமக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று தெளிவாகிறது. அதுவரை நாம் செய்தது சேர்ப்பு. தேர்ந்தெடுத்த பிறகுதான் அது சேகரிப்பு.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "எனக்கு அட்டை முக்கியமில்லை ஐயா, கேட்கத்தான் வாங்கினேன், பாதியை எதற்கு இழக்கவேண்டும்?" கேட்பதற்காகவே வைத்திருப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கும் மறுபதிப்பு வராத அரிய பதிவானால், உறையே இல்லாவிட்டாலும் அந்தத் தட்டு இருக்கவேண்டும். ஆனால் அவரும் அட்டையை எறிவதற்கு முன் பின்னட்டையில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், அல்லது பேரனை விட்டு இரண்டு பக்கமும் படம் எடுக்கச் சொல்லட்டும். ஐந்து நிமிட வேலை.

அட்டைப்பெட்டிகளுக்கு இன்னொரு வழி உண்டு. தீப்பெட்டிப் படம் சேகரிப்பவர்களிடமிருந்து கற்கவேண்டியது அது. அவர்களுக்குப் பெட்டியே பொருள். ஆயிரக்கணக்கில் சேர்ப்பவர்கள் அதைப் பிரித்துத் தட்டையாக்கி ஆல்பத்தில் வைப்பார்கள். சிவகாசி லேபிள்கள் எத்தனையோ அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. பொம்மைக் கார் பெட்டி, கைக்கடிகாரம் வந்த மேலட்டை, கேமரா அட்டை ஆகியவற்றையும் ஒட்டு நெகிழும் ஓரமாகப் பார்த்து மெதுவாகப் பிரித்துப் படிய வைக்கலாம். ஒட்டு விடாமல் இருந்தால் வற்புறுத்தக் கூடாது, கிழிந்துவிடும். அப்படிப்பட்டதை முழுசாகவே விட்டு, அதற்குள் சின்னப் பெட்டிகளை வைக்கலாம். செல்லோடேப் மட்டும் எதிலும் ஒட்டாதீர்கள். பழுப்பேறி, பசை தாளுக்குள் இறங்கி, பிறகு எடுக்கவே முடியாது. தட்டையான பெட்டியின் உட்புறம் பென்சிலால் ஓர் எண், அதே எண் நோட்டில் பொருளின் பெயருக்கு எதிரில். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை பரவும். இப்படிச் செய்தால் ஓர் அலமாரியைப் பிடித்திருந்த பெட்டிகள் ஒரு கோப்புக்குள் அடங்கும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியோடு இருந்தால் பின்னாளில் நல்ல விலை போகும் என்று பிள்ளைகளுக்காக வைப்பவர்கள், பிள்ளைகளிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இரண்டு வாரம் லீவில் வருவார்கள். திரும்பும்போது ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ என்ற கணக்குக்குள் பருப்புப்பொடியும் ஊறுகாயும் போக மிஞ்சும் இடத்தில் நம் சேகரிப்பு போகப்போவதில்லை. ஏலத்தில் விற்றுக்கொண்டு உட்காரவும் அவர்களுக்கு நேரம் இருக்காது. நமக்குப் பிறகு முதலில் வருபவர் பழைய பேப்பர்காரர். அவர் தராசில் முதலில் ஏறுவது அட்டையும் உறையும். தனுஷ்கோடி முத்திரையும் மிக்சி பெட்டியும் அவருக்கு ஒரே கிலோ விலை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் நாம் ஒருவர்தான். அந்த வித்தியாசத்தை எழுதி வைக்காமல் போனால், எத்தனை பத்திரமாக வைத்திருந்தும் எறிந்ததற்குச் சமம்.

அதனால் எல்லாவற்றையும் வைத்திருப்பதையும் நான் பெருமையாக நினைக்கவில்லை, எல்லாவற்றையும் கழித்து வீட்டைத் துடைத்து வைப்பதையும் புத்திசாலித்தனமாக நினைக்கவில்லை. நம் கண்ணும் நினைவும் சரியாக இருக்கும்போதே பொறுக்கி வைப்பது நம் வேலை. அதை மருமகள் தலையிலோ மகன் தலையிலோ கட்டுவது நியாயமில்லை. அவர்களுக்கு அது வெறும் அட்டை. அப்படித் தெரிவதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

ஒரேயடியாக உட்கார்ந்தால் மலைப்பாக இருக்கும். வாரத்துக்கு ஒரு பெட்டி போதும். இறக்கிக் கொடுக்க வாட்ச்மேனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூப்பிடுங்கள், நீங்கள் ஏறாதீர்கள். மேசைமேல் பழைய வேட்டியை விரித்து, பென்சிலும் நோட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குவியல்: பேசுவது, பேசாதது, கெடுப்பது. மூன்றாவதை அன்றே வெளியேற்றுங்கள். இரண்டாவதை வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் முகத்தில் தெரியும் மலர்ச்சியைப் பார்த்துவிட்டு முதல் குவியலுக்கு அலமாரியில் ஒரு தட்டு கேளுங்கள். அந்த நேரத்தில் கேட்டால் கிடைக்கும்.